சீட்டில்லாத சைக்கிளுக்கு எந்த பிரேக்

என் மனைவியின் சைக்கிளில் சீட்டு கிடையாது. மதுரையில் காளவாசல் பக்கம் நாங்கள் குடியிருக்கும் தெருவுக்கு அது வந்து சேர்ந்தபோது அக்கம்பக்கத்தார் எல்லோரும் எங்களுக்கு ஆறுதல் சொன்னார்கள். சீட்டை மட்டும் கழற்றிக்கொண்டு போகிற கும்பல் ஒன்று பைபாஸ் பக்கம் நடமாடுவதாக எதிர்வீட்டுக்காரர் சொன்னார். எந்த நேரத்தில் வருவார்கள், என்ன ஸ்பேனர் வைத்திருப்பார்கள் என்பதுவரை அவரிடம் விவரம் இருந்தது. பத்திரிகையில் செய்தி திருத்துகிற வேலையில் இருக்கும் நானே ஒரு கணம் பேனாவைத் தேடிவிட்டேன்.

திருட்டெல்லாம் ஒன்றும் இல்லை. அது ட்ரையல்ஸ் சைக்கிள். செய்யும்போதே சீட்டு இல்லாமல்தான் செய்கிறார்கள், ஏனென்றால் அதில் உட்காரவே கூடாது. பெடலில் நின்றபடி பாறை, சுவர், மரக்கட்டை என்று ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டும். கால் தரையில் பட்டால் போச்சு. முன்சக்கரத்தைத் தூக்கிவிட்டு, பின்சக்கரத்தில் மட்டும் நின்று, தவளை மாதிரி குதிக்க வேண்டும். குதிப்பதற்கு முன் பின்பிரேக்கை விட வேண்டும், இறங்கியதும் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் ஓட்டுகிறவரின் மொத்த உடம்பும் ஒரு விரல் அழுத்தியிருக்கும் பிரேக்கில்தான் தொங்குகிறது. சக்கரம் ஒரு விரற்கடை உருண்டால்கூட ஆள் மல்லாந்து விழ வேண்டியதுதான்.

என் மனைவி ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கல்லூரிக் காலத்தில் தடை தாண்டி ஓடியவள். செல்போனில் ஒரு நாள் யாரோ ஒரு பெண் சைக்கிளோடு கார் மேல் ஏறி நிற்பதைப் பார்த்தாள். அன்று சாப்பாட்டில் உப்பு இல்லை. கேட்டதற்கு, "கார் மேல ஏறுது, கீழ இறங்குது. கால் ஊனவே இல்லைங்க," என்றாள்.

சைக்கிள் பெங்களூரில் ஒரு இன்ஜினியரிங் மாணவரிடமிருந்து வந்தது. அவர் மேற்படிப்புக்கு வெளிநாடு கிளம்பிக்கொண்டிருந்தார். சைக்கிளோடு ஒரு அட்டைப்பெட்டி. அதற்குள் பின்சக்கரத்துக்கு இரண்டு பிரேக்குகள்: ஒன்று டிஸ்க், ஒன்று ரிம். இரண்டையும் பொருத்தச் சட்டத்தில் இடம் இருந்தது, ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாட்ட முடியும். எது நல்லது என்று கேட்டோம். "ரெண்டுமே நல்லாத்தான் இருக்கும் மேடம், உங்க இஷ்டம்," என்று சொல்லிவிட்டு அவர் விமானம் ஏறிவிட்டார். உலகம் முழுக்க இந்த ஆட்டக்காரர்கள் போட்டுக்கொள்ளும் சண்டையைப் பெட்டியில் அடைத்து எங்களுக்குப் பார்சல் போட்டுவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அவளுக்கு இது பொழுதுபோக்காக மட்டும் இருந்திருந்தால் நாங்கள் இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டிச் சாவகாசமாக முடிவு செய்திருப்போம். ஆனால் அவள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரைச் சேர்த்து ட்ரையல்ஸ் வகுப்பு ஒன்று தொடங்க ஆசைப்பட்டாள். தலைமை ஆசிரியையான சிஸ்டரிடம் கேட்டாள். சிஸ்டர் அந்த வீடியோவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு தடவை, கழற்றிவிட்டு ஒரு தடவை பார்த்தாராம். பிறகு சொன்னது இதுதான்: "விளையாட்டு விழாவுல நீங்க முதல்ல செஞ்சு காட்டுங்க டீச்சர். நீங்க விழலைன்னா பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கலாம். விழுந்தீங்கன்னா நாம த்ரோபாலயே பாப்போம்."

ஆகவே பிரேக் பிடித்தால் வகுப்பு, பிடிக்காவிட்டால் த்ரோபால்.

எங்கள் தொழிலில் இரு தரப்பையும் கேட்காமல் எழுதக்கூடாது. நான் இரு தரப்பையும் போனில் பிடித்தேன். டிஸ்க் தரப்பு சென்னையில் ஒரு கணினிக்காரர். சக்கரத்தின் நடுவில் ஒரு மெல்லிய இரும்புத்தட்டு, அதைப் பிடிப்பதுதான் டிஸ்க். தண்ணீர், சேறு எதுவும் அதை ஒன்றும் செய்யாது, சக்கரம் லேசாகக் கோணியிருந்தாலும் கவலையில்லை, சத்தமும் குறைவு என்றார். ரிம் தரப்பு கோயம்புத்தூரில் ஒரு உடற்பயிற்சிக் கூடக்காரர். கதவைக் கைப்பிடிப் பக்கம் பிடிப்பீர்களா, கீல் பக்கம் பிடிப்பீர்களா என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். விளிம்பில் பிடித்தால்தான் சக்கரம் அசையாமல் நிற்கும். ஆனால் அந்த விளிம்பை, அதாவது ரிம்மை, கிரைண்டிங் மெஷினால் சொரசொரப்பாக ராவ வேண்டும், அப்போதுதான் பிரேக் கட்டை கவ்வும், கவ்வும்போது ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தும், தண்ணீர் பட்டால் மட்டும் சும்மா வழுக்கும் என்றார். மற்றத் தரப்புக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாது என்பதில் மட்டும் இருவரும் ஒரே கருத்தில் இருந்தார்கள்.

என் மனைவி டிஸ்க் என்றாள். பள்ளிக்குள்ளேயே சிற்றாலயம் இருக்கிறது, அங்கே கத்துகிற பிரேக் ஆகாது. தவிர, நல்ல ரிம்மை யாராவது ராவுவார்களா என்று கேட்டாள். ரிம் பிரேக் பெட்டிக்குள்ளேயே கட்டிலுக்கு அடியில் போனது.

விடிகாலையில் கீழக்குயில்குடிப் பக்கம் போவோம். சமணர் மலையில் சைக்கிளை ஏற்றக் கூடாது, நாங்கள் ஏற்றவும் இல்லை. கண்மாய்க் கரையை ஒட்டி, யாருக்கும் ஆகாத சில உருண்டைப் பாறைகள் கிடந்தன. அவை அவளுக்குப் போதும். நான் ஸ்பேனரையும் தண்ணீர் பாட்டிலையும் வைத்துக்கொண்டு நிற்பேன். டிஸ்க் அருமையாகப் பிடித்தது. அவள் டக், டக் என்று குதித்து ஏற, பக்கத்தில் மேய்ந்த ஆடுகள் தங்கள் வேலையை யாரோ தப்பாகச் செய்வதுபோல நிமிர்ந்து பார்த்தன. டீக்கடை வாசலில் நின்ற இரண்டு பேர் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது.

"ஏன் மாப்ள, அந்தக்கா ரோட்ட விட்டுட்டுப் பாறை மேல போகுது?"

"நம்ம ரோட்டுக்கு அது தேவல மாப்ள."

எண்ணெய் மட்டும் டிஸ்க்குக்கு ஆகாது. விரலில் இருக்கிற பிசுக்கு பட்டாலே அது பிடிப்பதை நிறுத்திவிடும். வீட்டில் இதை ஒரு சட்டமாகவே போட்டிருந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு நான் வராந்தாப் பக்கமே போகக்கூடாது. அந்தச் சட்டம் எங்கள் வீட்டு வாசலோடு முடிந்துவிட்டதுதான் சிக்கல்.

என் சொந்த ஊர் பேரையூர்ப் பக்கம். அண்ணன் அங்கே மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறார். அவள் கிறிஸ்தவக் குடும்பம், நாங்கள் இந்து. கிறிஸ்துமஸுக்கு அண்ணன் குடும்பம் எங்கள் வீட்டுக்கு வரும், ஆயுத பூஜைக்கு நாங்கள் அங்கே போவோம். அந்த வருடம் விளையாட்டு விழாவுக்கு இரண்டு வாரம் முன்னால் ஆயுத பூஜை வந்தது. பயிற்சி விட்டுப்போகக் கூடாதென்று சைக்கிளையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனோம்.

எங்கள் ஊரில் ஆயுத பூஜை என்றால் இரும்பில் செய்தது எதுவும் தப்பிக்க முடியாது. டிராக்டர், மோட்டார், கடப்பாரை, அரிவாள், மதினியின் தையல் மெஷின் எல்லாவற்றையும் கழுவி, தேங்காய் எண்ணெயும் டீசலும் கலந்த துணியால் பளபளவென்று துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்பார்கள். அண்ணன் விடிவதற்கு முன்பே எழுந்து வேலையை ஆரம்பித்திருந்தார். நாங்கள் எழுந்து வந்தபோது டிராக்டருக்குப் பக்கத்தில், வாழைக்கன்றின் நிழலில், மாலை போட்டுக்கொண்டு நின்றது சீட்டில்லாத சைக்கிள். இரண்டு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாம் பழத்தை நசுக்கிக்கொண்டுதான் கிளம்புவார்கள். இவள் நசுக்கும் விதத்தைப் பார்க்கத் தெருவே கூடியிருந்தது.

"தாயி, ஒருக்கா ஏறிக் காட்டு. இவய்ங்க நான் புளுகுறேன்ங்குறாய்ங்க," என்றார் அண்ணன்.

அவள் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். முன்சக்கரம் பழத்தைச் சரியாக நசுக்கியது. கைதட்டல். பின்சக்கரம் இரண்டாவதை நசுக்கியது. விசில். களத்து ஓரத்தில் கிடந்த கல் உருளையின் மேல் ஒரே தாவாகத் தாவி, முன்சக்கரத்தைத் தூக்கி நின்றாள். நின்றாள் என்று எழுதுகிறேனே தவிர, அது கண் இமைக்கிற நேரம்கூட இல்லை. அவள் பிரேக்கைப் பிடித்தாள், சக்கரம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. சைக்கிள் முன்னால் போனது, அவள் பின்னால் போனாள். பின்னால் மக்காச்சோளத் தட்டை ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. அதற்குள் அவள் மொத்தமாகக் காணாமல் போனாள். இரண்டு கைகள் மட்டும் மேலே தெரிந்தன.

தெரு எழுந்து நின்று கைதட்டியது. அதுதான் வித்தையின் கடைசிக் கட்டம் என்று நினைத்துவிட்டார்கள். "இன்னொரு தடவ" என்று குரல்கூட வந்தது. தட்டைக்குள்ளிருந்து அவள் சிரிக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. தலையெல்லாம் சோளத் தோகையோடு எழுந்து வந்தவள், குனிந்து சக்கரத்தின் நடுவைப் பார்த்தாள். டிஸ்க்கில் அவள் முகம் தெரிந்தது. நெற்றிக்கு நேராக ஒரு சந்தனப் பொட்டும் அதன் மேல் குங்குமமும் இருந்தன.

"மாமா, இதையும் தொடச்சீங்களா?"

"பின்ன? மத்ததெல்லாம் பெயின்ட்டு, அது ஒன்னுதான் தாயி நல்ல இரும்பு. அதுக்குத்தான் எண்ணெ ரெண்டு தடவ போட்டேன்."

விஷயத்தை நான் மெதுவாக விளக்கினேன். அண்ணனின் முகம் விழுந்துபோனது. மத்தியானம் அவர் வடையைத் தொடவில்லை. வண்டியைப் பளபளவென்று வைத்தால் ஓடாமல் போகும் என்று உலகத்தில் எந்த வண்டிக்காரனாவது நினைப்பானா என்று மதினியிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். மதினி, எலுமிச்சம்பழம் நசுங்கிவிட்டது அல்லவா, சாமிக்கு அது போதும் என்று சொல்லி அவர் இலையில் இன்னொரு வடையை வைத்தார்.

மதுரைக்குத் திரும்பியதும் டிஸ்க்கைக் கழுவினோம், அது சுத்தமானது. அதைக் கவ்வும் கட்டைகள்தான் எண்ணெய் குடித்திருந்தன. நெருப்பில் வாட்டினால் எண்ணெய் கக்கும் என்றார் சென்னைக்காரர். தோசைக் கரண்டியில் வைத்து காஸ் அடுப்பில் வாட்டினோம். டிராக்டர் ஒன்று சமையலறையில் அப்பளம் பொரித்தால் வீடு எப்படி மணக்குமோ அப்படி மணந்தது. மறுநாள் மாட்டிப் பார்த்தால் ஒரு தடவை பிடித்தது, ஒரு தடவை விட்டது. சிஸ்டர் முன்னால் அந்தச் சூதாட்டத்துக்கு அவள் தயாராக இல்லை. புதுக் கட்டைகள் வெளியூரிலிருந்து வர வேண்டும். விழாவுக்கு முன்னால் வந்து சேரும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டி வெளியே வந்தது.

காளவாசலில் ஜன்னல் கிரில் செய்கிற பட்டறைக்குச் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போனோம். பட்டறைக்காரர் ரிம்மைத் தடவிப் பார்த்து, வழவழவென்று நன்றாகத்தானே இருக்கிறது என்றார். அதுதான் குறை என்றேன். இரண்டு பக்கமும் சாய்வாகக் கோடு கோடாக ராவ வேண்டும் என்று என் மனைவி சாக்பீஸால் வரைந்து காட்டினாள்.

"இம்புட்டு வருசத்துல சொரசொரன்னு கேட்டு வந்தது நீங்கதான்க்கா. அப்பறம் கெடுத்துட்டேன்னு சண்டைக்கு வரக் கூடாது."

"வர மாட்டோம்ணே. நல்லாக் கெடுங்க."

பொறி பறக்க அவர் நன்றாகவே கெடுத்தார்.

அன்று சாயங்காலம் எங்கள் தெருவில் முதல்முறையாக அந்த பிரேக்கைப் பிடித்தாள். அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர நான் பல தடவை முயன்று தோற்றிருக்கிறேன். நாதஸ்வரக்காரர் ஒருவரின் காலை மாட்டு வண்டி மிதித்தால், அவர் வாயிலிருந்து நாதஸ்வரத்தை எடுக்காமலேயே கத்தினால் ஏறக்குறைய அப்படி இருக்கும். நாய்கள் முதலில் ஓடின, அப்புறம் யோசித்துவிட்டுத் திரும்பி வந்து பதில் சொன்னன. எதிர்வீட்டுக்காரர் பால்கனிக்கு வந்து, சீட்டை எடுத்தவன் அகப்பட்டுவிட்டானா என்று கேட்டார். ஆனால் சக்கரம் நின்ற இடத்தில் நின்றது. வாசல் படியில் பின்சக்கரத்தில் நின்றபடி அவள் எதிர்வீட்டுக்காரருக்குப் பதிலே சொன்னாள்.

அடுத்த சில நாட்கள் எங்கள் கவலை எல்லாம் சத்தத்தைப் பற்றியதுதான். சிஸ்டர் சத்தத்தைத் தாங்குவாரா? நடுவில் நிறுத்தச் சொல்லிவிட்டால்? தூக்கத்தில்கூட அவள் வலது கை ஆள்காட்டி விரல் மடங்கி மடங்கி நிமிர்ந்தது.

விழா அன்று அண்ணன் பேரையூரிலிருந்து வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். பெற்றோர் வரிசையில் உட்கார்ந்து இரண்டு கையையும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டார். எதையும் தொட்டுவிடக் கூடாது என்று அவரே எடுத்த முடிவு அது. அன்றைய பேப்பரை நான் அவரிடம் நீட்டினேன், அதைக்கூட வாங்கவில்லை.

வெற்றி பெற்றவர்களை ஏற்றி நிறுத்தும் மர மேடைதான் அவள் தேர்ந்தெடுத்த மலை. மூன்றாம் இடத்தில் ஏறி, நடுவில் உயரமாக இருக்கும் முதல் இடத்துக்குத் தாவி, அங்கே பின்சக்கரத்தில் நின்று சிஸ்டரை வணங்கி, இரண்டாம் இடம் வழியாக இறங்க வேண்டும். பந்தயங்கள் முடிந்தன. சிறப்பு விருந்தினர் மைக் முன் வந்தார். அவர் பேசி முடித்ததும் இவள் முறை.

அப்போதுதான் மைதானத்தைக் கவனித்தேன். அந்த வருடம் மழை ஏமாற்றியிருந்தது. விருந்தினரின் வெள்ளைச் சட்டையில் புழுதி படக் கூடாதென்று விழாக் குழு லாரியில் தண்ணீர் கொண்டுவந்து மைதானம் முழுக்க அடித்திருந்தது. மர மேடைக்கு அருகே குளமாகத் தேங்கியிருந்தது. மேடைக்குப் பின்னால் காத்திருக்கும் இடத்துக்கு அவள் அந்தக் குளத்தின் வழியாகத்தான் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வந்தாள்.

நான் எழுந்து அவளிடம் போனேன். இறங்கி நின்று பிரேக்கைப் பிடித்துப் பார்த்தாள். ஒரு சத்தமும் இல்லை. சக்கரம் பிரேக்கோடு சேர்ந்து அமைதியாகச் சுற்றியது. இத்தனை நாளாக எந்தச் சத்தத்துக்குப் பயந்தோமோ அது இப்போது வராதா என்று நாங்கள் இருவரும் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அண்ணன் எப்படியோ மோப்பம் பிடித்து ஓடி வந்துவிட்டார், தோளில் துண்டு.

"துண்டு வேணாம் மாமா."

"தொவச்ச துண்டுதான் தாயி."

"டிராக்டர்லதான வந்தீங்க?"

அண்ணன் துண்டை முகர்ந்து பார்த்துவிட்டு, அதைக் கீழே போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

அவள் பார்வை என் கையில் இருந்த பேப்பருக்கு வந்தது. "இதுல மை கம்மியான பக்கம் எதுங்க?"

அச்சு மையிலும் எண்ணெய் உண்டு. படம் இல்லாத பக்கம், வண்ணம் இல்லாத பக்கம், பெரிய எழுத்து இல்லாத பக்கம் எது என்று எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தலையங்கப் பக்கத்தை உருவினேன். முந்தின நாள் அதன் பிழைகளை நான்தான் திருத்தியிருந்தேன். இருவரும் ஆளுக்குப் பாதியாகக் கிழித்து, விளிம்பைச் சுற்றிச் சுற்றித் துடைத்தோம். நாட்டின் பொருளாதாரத்தைப் பற்றிய எச்சரிக்கை முழுவதும் நனைந்தது. வாசகர் கடிதங்கள் மீதி ஈரத்தை எடுத்தன. அந்தப் பக்கம் ஒருவருக்கு உடனடியாகப் பயன்பட்டதை நான் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

சக்கரத்தை ஒரு தள்ளு தள்ளி பிரேக்கைப் பிடித்தாள். மைக்கில் சிறப்பு விருந்தினர் ஒழுக்கத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஊளையில் அவர் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நேரமாகிவிட்டது என்பதற்கான அறிகுறி என்று எடுத்துக்கொண்டு நன்றி சொல்லி உட்கார்ந்தார். மாணவிகளின் கைதட்டல் நெடுநேரம் ஓயவில்லை.

அவள் தேங்கிய தண்ணீரைச் சுற்றிக்கொண்டு, காய்ந்த பக்கமாக வந்தாள். மூன்றாம் இடத்தில் ஏறினாள். பிரேக் ஊளையிட்டது. மாணவிகள் முதலில் காதைப் பொத்தினார்கள். இரண்டாம் குதிப்புக்கு அது மறுபடி ஊளையிட்டபோது ஒன்பதாம் வகுப்பு வரிசையிலிருந்து பதிலுக்கு ஒரு ஊளை வந்தது. மூன்றாவதற்குப் பள்ளியே ஊளையிட்டது. அவள் குதிக்க, பிரேக் கத்த, பிள்ளைகள் கத்த, முதல் இடத்தில் போய் இறங்கினாள். முன்சக்கரம் மேலே போனது. பின்சக்கரம் பலகையில் ஆணி அடித்தது மாதிரி நின்றது. கைப்பிடியிலிருந்து ஒரு கையை எடுத்து சிஸ்டருக்கு வணக்கம் சொன்னாள். ஒத்திகையில் அந்த வணக்கம் தலையசைப்பு மட்டும்தான். என் கையில் மிச்சமிருந்த பேப்பர் எப்போது உருண்டையானது என்று தெரியவில்லை.

இரண்டாம் இடம் வழியாக அவள் இறங்கித் தரைக்கு வந்தபோதும் கால் ஊன்றவில்லை. சிஸ்டரின் நாற்காலிக்கு முன்னால் ஒரு கடைசி ஊளையோடு நின்றாள்.

சிஸ்டர் காதிலிருந்து கைகளை எடுத்தார். அக்கறையாகத்தான் கேட்டார்.

"இந்தச் சத்தம் இல்லாம வராதா டீச்சர்?"

"சத்தம் இல்லேன்னா விழுந்துருவேன் சிஸ்டர்."

சிஸ்டர் மைதானத்தைப் பார்த்தார். பிள்ளைகள் இன்னும் ஊளையிட்டுக்கொண்டிருந்தார்கள். "அப்ப சத்தம் இருக்கட்டும். ஜெப நேரத்துல மட்டும் வேணாம்," என்றார்.

வகுப்பு இப்போது செவ்வாயும் வியாழனும் நடக்கிறது. பள்ளி வாங்கிய சைக்கிள்களுக்கும் ரிம் பிரேக்தான். காளவாசல் பட்டறைக்காரர் ராவித் தருகிறார், கெடுப்பதற்கென்று தனி விலை வைத்திருக்கிறார். எங்களுக்கு வர வேண்டிய டிஸ்க் கட்டைகள் விழா முடிந்த பிறகு வந்து சேர்ந்தன. பெட்டியைப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாள். மழைக்காலத்தில் பார்த்துக்கொள்ளலாமாம். சென்னைக்காரரிடம் இதைச் சொல்லவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கும் சைக்கிளைப் பேரையூருக்குக் கொண்டு போனோம். அண்ணன் சந்தனக் கிண்ணத்தோடு சைக்கிளை இரண்டு தடவை சுற்றி வந்தார். ரிம்மிலும் வைக்கக் கூடாது, டிஸ்க் இருந்த இடத்திலும் கூடாது, கைப்பிடி வழுக்கும், பெடல் வழுக்கும். கடைசியில் விரலில் சந்தனத்தோடு அப்படியே நின்று, அப்ப எங்கதான் வைக்கிறது தாயி என்று கேட்டார்.

அவள் யோசித்தாள். பிறகு, எல்லா சைக்கிளிலும் சீட்டு இருக்குமே அந்த இடத்தில் வெறும் கம்பியைக் காட்டினாள். அங்கே அண்ணன் பெரிதாகவே ஒன்று வைத்தார்.